சிங்கிள் விண்டோவில் ஒரு பிரைவேட் விண்டோ

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தபோது அதற்கென்று ஒரு கமிட்டி போடவில்லை. அதனால்தான் இன்றுவரை அது கண்ட இடத்தில் பற்றிக்கொள்கிறது. சக்கரத்தைக் கண்டுபிடித்தபோதும் தீர்மானம் கிடையாது, கூட்டத்துக்குக் கோரம் கிடையாது. பலனைச் சித்தூர் – திருப்பதி சாலையில் தினமும் பார்க்கிறோம். இப்படிப்பட்ட பழைய தவறுகளுக்கு இடம் கொடாமல், ஒரு புதுமையை எவ்வளவு நிதானமாக வரவேற்க வேண்டும் என்று உலகுக்குக் காட்டிய பெருமை, கங்காதர நெல்லூருக்கு மேற்கே உள்ள கொண்டவேலம்பள்ளி கூட்டுறவுச் சங்கத்தையும் அதன் சேர்மன் முனியப்பனையுமே சேரும்.

ஆந்திரத்தில் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்தை யாரும் அந்தப் பெயரால் அழைப்பதில்லை. 'சிங்கிள் விண்டோ' என்றால்தான் பஸ் கண்டக்டருக்கும் புரியும். கடன், உரம், விதை எல்லாவற்றுக்கும் ஒரே ஜன்னல் என்று பொருள். முன்பு பல ஜன்னல்களில் நின்று "இல்லை" என்ற பதிலைப் பெற்றுவந்த விவசாயி, இப்போது ஒரே ஜன்னலில் நின்று எல்லா "இல்லை"களையும் மொத்தமாகப் பெற்றுக்கொள்ளலாம். நிர்வாகச் சீர்திருத்தம் என்பது இதுதான்.

முனியப்பன் அந்த ஒற்றை ஜன்னல் பெயருக்குத் துரோகம் செய்யாதவர். சேர்மனாக வந்த முதல் வாரத்திலேயே சங்கக் கட்டிடத்தின் மற்ற ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். உள்ளே காற்று வரவில்லை என்று ஊழியர்கள் முணுமுணுத்தார்கள். "காத்து வேணும்னா போர்டுல ‘டபுள் விண்டோ’ன்னு எழுதிக்கினு வாங்கய்யா, தொறக்கறேன்" என்றார். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டிச் செத்தவர். அந்த வம்சத்தில் ஒருவர் ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருப்பது இதுவே முதல் தடவை. அதனால் ஜன்னல் விஷயத்தில் அவருக்கு ஒரு தனி உணர்ச்சி இருந்தது.

அந்த வருஷம் மே மாதம் மேலிடத்திலிருந்து ஒரு சர்க்குலர் வந்தது. மானிய விலையில் வேர்க்கடலை விதை வேண்டுகிறவர்களின் பெயரை இனிமேல் இன்டர்நெட்டில் பதிய வேண்டும். பதியாத பெயருக்கு விதை இல்லை. பதிவு செய்ய, 'பாதுகாப்பான, வேகமான பிரவுசரைத் தேர்ந்தெடுத்து'ப் பயன்படுத்தவும்.

'தேர்ந்தெடுத்து' என்ற இடத்தில் முனியப்பனின் விரல் நின்றது. சங்கத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட சேர்மன் அவர் ஒருவர்தான். இன்னொன்றைத் தேர்ந்தெடுப்பது சாதாரண காரியமா? செயலாளர் சுரேஷ்பாபுவைக் கூப்பிட்டார். சங்கத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் சுரேஷ்பாபு. அதில் சீட்டாடி அவர் தோற்றதே இல்லை.

"சுரேஷ்பாபு, பிரவுசர்னா இன்னாய்யா?"

"இன்டர்நெட்டுக்கு வாசப்படி மாதிரி சார். அது வழியாத்தான் உள்ள போவணும்."

"நம்ம கிட்ட கீதா?"

"மூணு கீது சார். ஒண்ணு கம்ப்யூட்டரோட வந்துச்சி. மத்த ரெண்டும் தானா வந்துச்சி."

"தானா வந்துச்சா? டெண்டர் வுடாமயா?"

சுரேஷ்பாபு தலை குனிந்தார். டெண்டர் இல்லாமல் ஒரு பொருள் சங்கத்துக்குள் நுழைந்திருப்பது சங்கத்தின் சரித்திரத்திலேயே நடக்காதது. டெண்டர் விட்டும் நுழையாமல் போனவைதான் அதிகம். அன்று மாலையே 'பிரவுசர் தேர்வுக் குழு' உதயமானது. தலைவர், முனியப்பன். உறுப்பினர்கள் இரண்டு டைரக்டர்கள். ஒருவர் ரமணா, மூடிப்போன சர்க்கரை ஆலையில் யூனியன் லீடராக இருந்தவர். ஆலை போய்விட்டது, லீடர் பாக்கி. இன்னொருவர் மனோரமா, தமிழ் டீச்சராக ரிட்டயர் ஆகி, இப்போது நாலு ஏக்கரில் கடலை போடுகிறவர். சுரேஷ்பாபு கன்வீனர். கன்வீனர் என்றால் காபி வாங்கிவருகிறவர்.

மறுநாள் காலை ஜன்னலில் முதல் முகமாக வந்து நின்றவள் செங்கம்மா. முனியப்பனின் சொந்த அக்கா. சர்க்கார் கொடுத்த மேட்டு நிலம் கொஞ்சம் அவள் பெயரில் வெகுகாலமாகச் சும்மா கிடந்தது. வருஷா வருஷம் கோடையில் மகனோடு பெங்களூர் போய்க் கட்டிட வேலை செய்துவிட்டு வருவாள். இந்த வருஷம் சர்க்கார் செலவில் போர்வெல் போட்டதில், மழை ஈரத்தில் விதைத்ததைக் காப்பாற்றுமளவு தண்ணீர் வந்துவிட்டது. சொந்த மண்ணில் முதல் தடவையாக விதைக்கப்போகிறாள். வெளியே விதை விற்கிற விலைக்கு அவளால் வாங்க முடியாது. சங்கத்து விதை வந்தால் வெள்ளாமை, வராவிட்டால் பெங்களூர்.

"டேய் முனியா, என் பேரை அந்தப் பொட்டியில போட்டியா?"

"அக்கா, ஆபீஸ்ல சேர்மன்னு கூப்புடு."

"சரி. டேய் சேர்மன், போட்டியா?"

முனியப்பன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பிரவுசர் செலக்ஷன் நடந்துக்கினு கீதுக்கா. பேரு போடறது பெருசில்ல. எதுல போடறதுன்னு ஒண்ணு கீதே."

"எதுல போட்டா இன்னாடா. என் பேரு செங்கம்மாதானே?"

"படிக்காதவங்க இப்டித்தான் பேசுவாங்க."

"நீ எங்கடா படிச்சே? நீ ஸ்கூலுக்குப் போனதே மத்தியானச் சோறு துன்றதுக்கு. மணி அடிச்சா தட்டோட நிப்பே, புஸ்தகம் எங்கன்னே தெரியாது."

வரிசையில் நின்றவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்கள். முனியப்பன் ஜன்னல் கம்பி வழியாக அக்காவின் கையைப் பிடித்தார். "எந்த பிரவுசர் ஆனாலும் மொத பேரு உன் பேருதான். போதுமா?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் அவர் மனசார நினைத்தது அதுதான்.

முதல் கூட்டத்தில் அடிப்படைக் கேள்வி எழுந்தது. பாதுகாப்பு முதலா, வேகம் முதலா?

"ரெண்டும் ஒண்ணா வராதுங்க. நம்ம ஊரு ஷேர் ஆட்டோவுல ஏறிப் பாருங்க, தெரியும்" என்றார் மனோரமா.

"பாதுகாப்புதான் ஃபர்ஸ்ட். வேகமா போயி எங்க வுழப்போறோம்?" என்றார் ரமணா.

இவ்வளவு ஆழமான விஷயத்தைக் கொண்டவேலம்பள்ளியில் உட்கார்ந்து தீர்க்க முடியாது என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. திருப்பதிக்கு ஆய்வுப் பயணம் போவது என்று தீர்மானமாயிற்று. அக்காவிடம் முனியப்பன், "உன் வேலையாத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

திருச்சானூரில் ஒரு லாட்ஜில் தங்கினார்கள். ஆய்வு உடனே தொடங்கியது. தாயார் கோவில் வரிசையில் நின்று வேகத்தை ஆராய்ந்தார்கள். லாட்ஜ் வாசலில் செருப்பை விட்டுவிட்டுப் போய் பாதுகாப்பை ஆராய்ந்தார்கள். வேகம் குறித்துப் பொறுமை தேவை என்றும், பாதுகாப்பு குறித்து ரமணாவுக்குப் புதுச் செருப்பு தேவை என்றும் தெரியவந்தது. அடுத்த நாள் ஷேர் ஆட்டோ பிடித்துத் திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கம் போய், கிரண்குமார் என்பவரின் இன்டர்நெட் சென்டரில் இறங்கினார்கள். ரயில் டிக்கெட், ஹால் டிக்கெட், குவைத் போகிறவர்களுக்கு விசா பேப்பர் என்று அங்கே ஒரே நெரிசல். உலகத்துக்கே வாசல் திறந்துவிட்ட காலத்தில், சித்தூர் ஜில்லா அந்த வாசல் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

கிரண்குமார் தெலுங்கும் தமிழும் கலந்து, கீபோர்டை விடாமல் தட்டிக்கொண்டே பேசினார்.

"பிரவுசரா? ஏதயினா ஒக்கடே சார். எதுல தொறந்தாலும் அதே சைட்டுதான் வரும். பேரு போட வேண்டியதுதானே. இப்பவே செப்பண்டி, நானே போட்டுத் தரேன்."

குழு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. எல்லாச் சரக்கும் ஒன்றுதான் என்று சொல்லுகிற வியாபாரியை முனியப்பன் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. எதையோ மறைக்கிறான்.

"வித்தியாசமே இல்லையா?" என்று மடக்கினார்.

"கொஞ்சம் உண்டு சார். இது குக்கீஸ் நெறைய சேத்து வெச்சிக்கும். அப்பப்ப அழிச்சிடணும்."

"பிஸ்கோத்தை எதுக்குப்பா அழிக்கணும்?" என்றார் மனோரமா. "நாலு புள்ளைங்க துன்னுமே."

கிரண்குமார் தட்டுவதை நிறுத்தினார். இவர்களுக்கு எளிமையாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார்போல. அங்கேதான் விதி விளையாடியது.

"சார், மீக்கு பாதுகாப்புதானே வேணும்? சிம்பிள். பிரைவேட் விண்டோ தொறந்துக்கங்க. உள்ள இன்னா பண்ணீங்கன்னு எவனுக்கும் தெரியாது. வேலை முடிஞ்சதும் மூடிட்டா சுவடே இருக்காது."

ரமணா எழுந்து நின்றார்.

"இன்னா சொன்னே?"

"பிரைவேட் விண்டோ."

"இதேதான்யா எங்க ஃபாக்டரியிலயும் சொன்னானுங்க. பிரைவேட் வந்தா பாதுகாப்புன்னாங்க. உள்ள இன்னா பண்ணாங்கன்னு எவனுக்கும் தெரியல. மூடிட்டுப் போனாங்க. சுவடே இல்ல."

"காது சார், அது இல்ல, இது வேற..."

"சிங்கிள் விண்டோவுக்குள்ள பிரைவேட் விண்டோ எவன்யா தொறந்தது?"

"எல்லா பிரவுசர்லயும் இது கீது சார்."

"பாத்தியா சேர்மன்? எல்லாத்துலயும் பூந்துட்டானுங்க."

முனியப்பன் நாற்காலியைக் கம்ப்யூட்டரை விட்டுப் பின்னால் நகர்த்திக்கொண்டார். ஒரே ஜன்னலுக்குத்தான் அவர் சேர்மன். அதற்குள்ளேயே இன்னொரு ஜன்னல், அதுவும் தனியார் ஜன்னல், ஏற்கெனவே திறந்திருக்கிறது. நாளைக்கு ஊர் ஜனம் அந்தப் பக்கம் போய் நின்றால் இவர் எதற்குச் சேர்மன்? அப்பா ஏர் ஓட்டிய நிலமும் அதன் சொந்தக்காரர்களும் கண் முன்னால் வந்து போனார்கள். தாராளமயம் என்பதைப் பேப்பரில் பல வருஷமாகப் படித்திருக்கிறார். அது தன் மேஜைக்குள்ளேயே குடிவந்துவிட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கிரண்குமார் ஒன்றும் புரியாமல், டீ சொல்லட்டுமா என்று கேட்டார். தனியாரிடம் டீ குடிப்பதில்லை என்று ரமணா மறுத்துவிட்டார். எதிரே இருந்த டீக்கடையில் குடித்துவிட்டுக் குழு ஊர் திரும்பியது.

அவர்கள் திரும்பிவந்தபோது மழை அவர்களுக்கு முன்னால் வந்திருந்தது. கொண்டவேலம்பள்ளி மேடெல்லாம் நனைந்து, உழுதுபோட்ட மண்ணின் வாசனை சங்கத்தின் ஒரே ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. செங்கம்மா இரண்டு உழவு முடித்துவிட்டாள். தினமும் ஜன்னலுக்கு வந்து "டேய்" என்பாள். முனியப்பன் "நடந்துக்கினு கீதுக்கா" என்பார். அவள் போய்விடுவாள். பூமி ஈரம் காயாமல் இருக்க வேண்டும் என்று அவள் கவலை. பிரவுசர் கறைபடாமல் இருக்க வேண்டும் என்று அவர் கவலை. இரண்டும் விவசாயத்துக்காகத்தான்.

இறுதிக் கூட்டத்தில் சுரேஷ்பாபு கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்து, மூன்று பிரவுசர்களின் படங்களையும் காட்டினார். முதலாவது, நீல நிறத்தில் ஆங்கில 'இ' எழுத்து.

"இது 'ஈ'" என்றார் மனோரமா, டீச்சர் குரலில். "தமிழ்ல ஈ-ன்னா கொடு-ன்னு அர்த்தம்."

சங்கத்தில் ஒரு நடுக்கம் ஓடியது. கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடு என்று மேஜையிலேயே எழுதிவைத்துக்கொண்டு ஒரு கூட்டுறவுச் சங்கம் எப்படி நடக்கும்? ஈ நிராகரிக்கப்பட்டது.

இரண்டாவது, உலகத்தைச் சுற்றிப் படுத்திருக்கும் ஒரு நரி.

"நரியா? வெதைக்கல்லைக்கு நரியா காவல்? போன வருசம் எங்காட்டுல ராவோட ராவா நோண்டித் துன்னுட்டுப் போச்சே, அதுக்கு இது சொந்தக்காரனா?" என்றார் மனோரமா. கடலை போடுகிற எவரும் இதற்கு மேல் விளக்கம் கேட்க மாட்டார்கள். நரி ஒருமனதாக விரட்டப்பட்டது.

மூன்றாவது, சிவப்பு, மஞ்சள், பச்சை, நடுவில் நீலம் என்று ஒரு வட்டம். முனியப்பன் நெடுநேரம் பார்த்தார். ஜில்லாவில் இருக்கிற எல்லாக் கட்சிக் கொடியும் அதில் இருந்தது. எந்த ஆட்சி வந்தாலும் மாற்ற வேண்டாம். "இது ஆல் பார்ட்டி. இதையே வெச்சிக்கலாம்" என்றார். கைதட்டலும் எழுந்தது. அப்போது ரமணா மூலையில் இருந்த ஒரு மெனுவைத் திறக்கச் சொன்னார். அங்கே இருந்தது. பிரைவேட்.

தீர்மானம் உடனே எழுதப்பட்டது. 'எல்லா பிரவுசர்களிலிருந்தும் பிரைவேட் விண்டோவை நீக்கும்வரை எந்த பிரவுசரையும் தேர்ந்தெடுப்பதில்லை. இதை வலியுறுத்திச் சங்கம் ஒரு நாள் அடையாளக் கதவடைப்பு நடத்தும்.' தேதியைப் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்தார்கள். அது பதிவுக்குக் கடைசி நாள்.

முனியப்பனுக்கு மட்டும் ஒரு உறுத்தல். "சுரேஷ்பாபு, லாஸ்ட் டேட்டாச்சேய்யா. அக்கா பேரு..."

"லாஸ்ட் டேட்னா எக்ஸ்டென்ஷன் வரும் சார். என் சர்வீஸ்ல எக்ஸ்டென்ஷன் வராத லாஸ்ட் டேட்டைப் பாத்ததே இல்ல."

சர்வீஸ் பேசும்போது எதிர்த்துப் பேச முனியப்பனால் முடியவில்லை.

கதவடைப்பு சிறப்பாக நடந்தது. ஜன்னல் சாத்தப்பட்டது. கம்ப்யூட்டருக்குக் கறுப்புத் துணி போர்த்தி, வாசலில் மேஜை மேல் வைத்தார்கள். "பிரைவேட் விண்டோ டவுன் டவுன்" என்று ரமணா முழங்கினார். உரம் வாங்க வந்தவர்கள், யாரோ பெரிய மனிதருக்கு இரங்கல் என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

தூறலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு செங்கம்மா வந்தாள். பட்டா புத்தகத்தை நனையாமல் இடுப்பில் செருகியிருந்தாள். மேஜையைப் பார்த்தாள்.

"இன்னாடா, துணி போத்தி வெச்சிக்கீறீங்க. செத்துட்ச்சா?"

"போராட்டம்க்கா."

"யாரு மேல?"

"பிரைவேட் மேல. உனக்காகத்தான் பண்றோம்."

"எனக்காகவா? நான் வெதைதானேடா கேட்டேன்."

"வெதை இன்னிக்கி வரும்க்கா. நாளைக்கி பிரைவேட் வந்துட்டா இன்னா பண்ணுவே?"

"நாளைக்கி ஈரம் காஞ்சிட்டா இன்னா பண்ணுவேன், அதைச் சொல்லு."

ரமணா மறுபடியும் முழங்கினார். செங்கம்மா மேஜையை ஒட்டி வந்தாள். பிறகு, "துணியக் கொஞ்சம் தூக்கிட்டு என் ஒருத்தி பேரைப் போட்டுட்டு மூடிக்கோயேன்டா" என்று தம்பிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். முனியப்பனின் கை துணியின் முனைவரை போனது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொந்த அக்காவுக்காகக் கொள்கையைத் தூக்கினார் என்று நாளைக்கு எவனாவது பேசுவான். கையை எடுத்து, துணியின் சுருக்கத்தைச் சரிசெய்துவிட்டார். பொதுவாழ்க்கை அவ்வளவு கடுமையானது.

எக்ஸ்டென்ஷன் வரவில்லை. பழைய காலத்தில் மேலிடத்தில் மனிதர்கள் இருந்தார்கள். நாலு பேர் போய் நின்றால் முகதாட்சண்யம் பார்ப்பார்கள். இப்போது அங்கே இருப்பது கம்ப்யூட்டர். மறுநாள் சுரேஷ்பாபு ஈயில் திறந்தார், நரியில் திறந்தார், வட்டத்திலும் திறந்தார். 'பதிவு முடிந்தது' என்று மூன்றும் ஒரே பதிலைச் சொல்லின. கொண்டவேலம்பள்ளியில் ஒருமித்த கருத்து ஏற்பட்டது அன்றைக்குத்தான். "எதுல தொறந்தாலும் அதே சைட்டுதான் போல சார்" என்றார் சுரேஷ்பாபு, புதிதாகக் கண்டுபிடித்தவர் மாதிரி.

செங்கம்மா சண்டை போடவில்லை. முனியப்பன் அதற்குத் தயாராகச் சில விளக்கங்கள் வைத்திருந்தார், அவை வீணாயின. ஒரு காலைப்பொழுதில் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, மகனோடு சித்தூருக்கு நடந்துபோய் பெங்களூர் பஸ் ஏறினாள். அவள் உழுதுவைத்த மேட்டில் ஈரத்துக்குக் குறைவில்லாததால் புல் நன்றாக வந்தது.

ஆனால் உழைப்பு வீண்போவதில்லை. ஆவணி மாதம் சித்தூரில் ஒரு விழா. கம்ப்யூட்டரைப் பாதுகாப்பாகப் பயன்படுத்திய சங்கங்களுக்குப் பாராட்டு. மற்றச் சங்கங்களில் வைரஸ் புகுந்தது, பாஸ்வேர்டு திருடு போனது, தப்பான பெயர் ஏறியது, புகார் வந்தது. கொண்டவேலம்பள்ளியில் ஒரு வைரஸ் இல்லை, ஒரு திருட்டு இல்லை, ஒரு தப்பான பெயர் இல்லை. சரியான பெயரும் இல்லை என்பதைக் கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. மாலை, சால்வை, ஒரு பித்தளைக் கேடயம். "ஜீரோ கம்ப்ளெயிண்ட்" என்று மைக்கில் சொன்னார்கள். அரங்கம் கைதட்டியது. முனியப்பனின் கண் கலங்கியது.

அப்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அக்கா. சால்வையோடு வெளியே வந்து எடுத்தார்.

"அங்க இன்னாடா சத்தம்?"

"கை தட்றாங்கக்கா. எனக்குத்தான். நீ எப்டி கீறே? கட்டட வேலையா?"

"இல்லடா. இந்தத் தபா தோட்ட வேலை. பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி, ஊரு அளவு கீது. புல்லு நடறேன்."

"புல்லா?"

"ஆமா. வேர்க்கல்லை போடற மாதிரியே வரிசையா. மாட்டுக்கும் இல்லியாம், சும்மா பாக்கறதுக்காம்."

"உன்ன எப்டிக்கா உள்ள வுட்டாங்க? அங்கல்லாம் செக்யூரிட்டி பயங்கரமா இருக்குமே."

"கேட்டாண்ட ஒரு பையன் பேரு கேட்டான், சொன்னேன். மூஞ்சை ஒரு படம் புட்சான். நான் முந்தானைய இழுத்துச் செருகறதுக்குள்ள, ‘கம்ப்யூட்டர்ல ஏறிட்ச்சி ஆன்ட்டி, போங்க’ன்னுட்டான்."

முனியப்பன் நிமிர்ந்தார். சொந்தத் துக்க சந்தோஷங்களைத் தாண்டி அவருக்குள் இருந்த குழுத் தலைவர் விழித்துக்கொண்டார். இவ்வளவு வேகம். இவ்வளவு பாதுகாப்பான இடத்தில். கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனைக் காதோடு அழுத்தினார்.

"அக்கா, அது எந்த பிரவுசர்னு பாத்தியா?"

"எங்களைக் கூலிக்கு எடுக்கறதுக்கு எவனும் கமிட்டி போடறதில்ல முனியா" என்றாள் செங்கம்மா. "வெதைக்க வுடறதுக்குத்தான் போடறீங்க."